பிள்ளை வளர்ந்தாச்சு, சட்டை யார் மாட்டுவது?

பெற்றோர்களே! அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைக்கு 18 வயதாகியும் சட்டைப் பொத்தானை நீங்கள்தானே மாட்டிவிடுகிறீர்கள்? ரப்பர்த் தோட்டத்தில் லயமே அவனைப் பார்த்துக்கொண்டது. ஈப்போ தாமான் வீட்டில் நமக்குப் பிறகு யார்?

கடைசியிலிருந்து பழக்குங்கள். எல்லாப் பொத்தானையும் நீங்கள் மாட்டி, கடைசி ஒன்றை அவனிடம் விடுங்கள். கைவந்ததும் இரண்டு, மூன்று. முடித்த சந்தோஷம் ஒவ்வொரு தடவையும் அவனுக்கே. மாதக்கணக்கில் ஆகும்; கையைப் பிடுங்காதீர்கள். குளிப்பது, தேநீர் கலக்குவது எல்லாம் இப்படித்தான்.

தகாத இடத்தில் யாரும் தொட்டால் "வேண்டாம்" என்று கத்தவும் சொல்லிக்கொடுங்கள். இதில் வெட்கம் என்ன?

திரெங்கானு பத்து ராக்கிட்டில் 1984-ல் ஆரம்பித்த பி.டி.கே. பயிற்சி நிலையங்கள் பேராக்கிலும் உண்டு. டாக்டர் சான்றோடு சமூக நல இலாகாவில் ஓ.கே.யு. அட்டைக்குப் பதிந்து விசாரியுங்கள். அட்டைக்குக் காசு கிடையாது.