தொடக்கப்பள்ளி வகுப்பறையில் அறிவியலாளர் வாழ்க்கை வரலாறு: வடசென்னைச் சூழலில் சீனிவாச இராமானுஜன்

ஆய்வுச் சுருக்கம்

தொடக்க வகுப்புகளில் அறிவியலாளர் வரலாறுகள் பெரும்பாலும் போற்றுதற்குரிய கதைகளாகவே வாசிக்கப்படுகின்றன. அவற்றைச் சரிபார்க்கத்தக்க கூற்றுகளாகவும், செய்து பார்க்கத்தக்க கணக்குகளாகவும் கையாளும் முறையைச் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகப் பணியாற்றிய சீனிவாச இராமானுஜனின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சிறார் இலக்கியம், வாழ்க்கை வரலாறு, இராமானுஜன், தொடக்கக்கல்வி, வடசென்னை, பி.கே. சீனிவாசன்

முன்னுரை

தமிழில் சிறார்க்கான அறிவு நூல்களுக்கு நெடிய மரபு உண்டு. 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியது, பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது; 1987 முதல் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இதழ் வெளிவருகிறது. இம்மரபில் அறிவியலாளர் வாழ்க்கை வரலாறு தனக்கெனத் தனியிடம் பெற்ற வகைமையாகும். ஆயினும் அதன் கதைப்போக்கு பெரும்பாலும் ஒன்றே: வறிய பிறப்பு, வியத்தகு இளமை, ஒரு தடை, ஓர் அயல்நாட்டுப் பயணம், புகழ். இறுதிப் பக்கத்தில், ‘நீங்களும் அவரைப்போல் ஆகலாம்’ என்னும் வாழ்த்து.

காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ, மீன்பிடித்தொழிலையும் சரக்குப்பெட்டக முனையங்களையும் ஆலைகளையும் நம்பிய குடும்பத்திலிருந்து வரும் மாணவர் இவ்வாழ்த்தை எவ்வாறு எடுத்துக்கொள்வார் என்பது எண்ணத்தக்கது. மேதைமை பிறவியிலேயே அமைவது என்று நூல் முழுவதும் சொல்லிவிட்டு, இறுதியில் ‘நீயும் ஆகலாம்’ என்றால், முதற்கூற்றையே அவர் நம்புவார். அறிவியல் பிறர்க்கு உரியது என்ற எண்ணம் அந்த நூலாலேயே உறுதிப்பட்டுவிடும்.

துறைமுக எழுத்தர்

இராமானுஜன் 1887 திசம்பர் 22இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். சிறார் நூல்கள் கும்பகோணத்தையும் கேம்பிரிட்ஜையும் விரிவாகக் காட்டும். இடைப்பட்ட சென்னை ஆண்டுகளை ஓரிரு வரிகளில் கடந்துவிடும். கல்லூரித் தேர்வில் தோற்று, நிலையான வருவாயின்றி இருந்த அவர், 1912 மார்ச் 1இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தார். 1914 மார்ச் 17இல் ‘நெவாசா’ என்னும் கப்பலில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டதும் சென்னைத் துறைமுகத்திலிருந்தே. இராயபுரத்துக் குழந்தைக்கு அந்தத் துறைமுகம் புத்தகத்தில் மட்டும் உள்ள ஊர் அன்று. பாரந்தூக்கிகள் தெரியும், சங்கொலி கேட்கும், உறவினர் ஒருவர் அங்குப் பணிபுரியவும் கூடும். எனவே இப்பகுதியில் அவரது வரலாற்றை எழுத்தர் பணியிலிருந்தே தொடங்கலாம்.

தொடங்கியதும் கணக்கு வந்துவிடுகிறது. வாழ்க்கை வரலாற்று நூல்கள் அவருடைய ஊதியம் மாதம் 30 ரூபாய் என்கின்றன. 1913 சனவரி 16 நாளிட்டு ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில் தம் ஊதியம் ஆண்டுக்கு 20 பவுன் என்றும், தமக்கு வயது ஏறத்தாழ 23 என்றும் இராமானுஜன் குறிப்பிடுகிறார். அக்காலத்தில் ஒரு பவுன் 15 ரூபாய்க்குச் சமம். ஐந்தாம் வகுப்பு மாணவர் 30ஐ 12ஆல் பெருக்கி 15ஆல் வகுத்தால் 24 பவுன் கிடைக்கும், கடிதத்தில் 20. பிறந்த ஆண்டைக் கொண்டு கழித்தால் வயது 25, கடிதத்தில் 23. இவ்வேறுபாடு ஏன்? கணிதமேதை கழித்தலில் தவறினாரா, தம்மை இளையவராகக் காட்ட விரும்பினாரா, 30 ரூபாய் என்னும் எண்ணில்தான் ஏதேனும் கணக்குப் பிழையா? ஆசிரியர் விடை கூற வேண்டுவதில்லை. அச்சில் வந்தது அனைத்தும் உறுதியன்று. இரு சான்றுகள் முரண்படலாம். அம்முரணைத் தன் கையாலேயே கணக்கிட்டுக் கண்டறியலாம் என்பதை ஒன்பது வயதில் அறிவது சிறிய பேறன்று.

விடுபட்ட விடை

ஏறத்தாழ எல்லாச் சிறார் நூல்களிலும் இடம்பெறும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று என ஆசிரியர் கூற, பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தாலும் ஒன்றா எனச் சிறுவன் இராமானுஜன் வினவினான் என்பது. ஆசிரியர் வியந்தார் என்பதோடு பல நூல்கள் நின்றுவிடுகின்றன. வினாவின் விடையை வாசிக்கும் குழந்தை அறிவதில்லை. சிறுவன் பெரியவன் என்பதை மட்டுமே அறிகிறது. வகைமையின் அடிப்படைக் குறை இந்த இடத்தில் வெளிப்படையாகத் தெரிகிறது.

விடையோ நான்காம் வகுப்புக்கு எட்டாததன்று. 6ஐ 2ஆல் வகுத்தால் 3. ஏனெனில் 3ஐ 2ஆல் பெருக்கினால் 6. வேறு எந்த எண்ணும் அவ்விடத்தில் பொருந்தாது. பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்கும்போது 1 பொருந்தும்; 7 பொருந்தும்; 100ம் பொருந்தும். எதைப் பெருக்கினாலும் பூச்சியமே வருகிறது. ஒரே விடையாக எதையும் தேர்ந்தெடுக்க இயலாமையால் அவ்வகுத்தலுக்குப் பொருள் தரப்படுவதில்லை. ஐந்து நிமிடத்தில் கரும்பலகையில் முடியும் இவ்விளக்கம், நிகழ்ச்சியைப் புகழுரையிலிருந்து கணிதத்திற்கு மீட்கிறது.

கூறு வைத்தல்

1729 என்னும் எண் பற்றிய நிகழ்ச்சி பரவலாக அறியப்பட்டது. அதனைவிடத் தொடக்க வகுப்புக்கு ஏற்றது எண்களின் பிரிவினை. ஓர் எண்ணை எத்தனை வகையில் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்பதே வினா. காசிமேட்டில் மீனைக் கூறு வைத்து விற்பதைக் கண்ட குழந்தைக்கு இதனைப் புதிதாக விளக்க வேண்டுவதில்லை. நான்கு புளியங்கொட்டைகளை எத்தனை வகையாகக் கூறு வைக்கலாம்? நான்கும் ஒரே கூறு, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நான்கும் தனித்தனி. ஆக, ஐந்து வகை. ஐந்து கொட்டைக்கு 7, ஆறுக்கு 11, ஒன்பதுக்கு 30. நூறுக்கு 19,05,69,292 என்று கேட்கும்போது வகுப்பு நம்ப மறுக்கும்; மறுப்பது நல்லது.

4க்கு 5, 9க்கு 30, 14க்கு 135. எண் ஐந்தைந்தாக ஏறும்போது கிடைக்கும் விடை எப்போதும் ஐந்தால் மீதியின்றி வகுபடுகிறது. இராமானுஜன் 1919இல் வெளியிட்ட முடிவு இது. மெய்ப்பிப்பு உயர்கல்விக்கு உரியது. முதல் இரண்டு எண்களையேனும் குழந்தைகள் குழுவாகக் கொட்டைகளை அடுக்கிச் சரிபார்க்க இயலும். தான் அடுக்கிய அதே கூறுகளைப் பற்றித்தான் இராமானுஜன் கேம்பிரிட்ஜில் எண்ணிக்கொண்டிருந்தார் என்பதை உணரும் குழந்தைக்கு ‘நீயும் ஆகலாம்’ என்னும் வரி தேவைப்படாது.

உதவியோர்

சிறார் நூல்கள் குறைத்துக் கூறும் மற்றொன்று, பிறருடைய பங்கு. இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய வி. இராமசாமி ஐயர் அவருடைய குறிப்பேடுகளின் தகுதியை உணர்ந்தார், ஆர். இராமச்சந்திர ராவ் சில காலம் மாதந்தோறும் பொருளுதவி செய்தார். துறைமுகத்தில் மேலலுவலராக இருந்த எஸ். நாராயண ஐயர் மாலைகளில் அவரோடு சிலேட்டுப் பலகையில் கணக்குச் செய்தார். தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் பரிந்துரைத்தார். 1913 மே முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கியது. தாள் விலை மிகுதியென்பதால் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்தவரின் வறுமை உண்மையே. அவ்வறுமையினூடே ஆங்கிலக் கல்வியும், கல்வி கற்ற சமூகத்தின் தொடர்புகளும் அவருக்குக் கைகொடுத்தன என்பதும் உண்மை. இதனை மறைத்து, உழைப்பும் அறிவும் மட்டும் போதும் எனக் கூறுவது, அத்தொடர்புகள் இல்லாத குடும்பத்துக் குழந்தையின் தோல்விக்குக் குழந்தையையே பொறுப்பாக்கும்.

பி.கே. சீனிவாசனின் முன்மாதிரி

இவ்வணுகுமுறைக்கு வடசென்னையிலேயே முன்னோடி உண்டு. முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப்பள்ளியின் கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன் (1924–2005), இராமானுஜனை அறிந்தோர் வாழ்ந்திருந்த காலத்திலேயே அவர்களுடைய நினைவுகளையும் கடிதங்களையும் திரட்டினார். 1968இல் இரு நினைவு மலர்களாக அவை அப்பள்ளியிலிருந்து வெளிவந்தன. பள்ளி ஆசிரியர் ஒருவரின் இத்தொகுப்பைப் பின்வந்த வரலாற்றாசிரியர்கள் பயன்படுத்தினர் என்பது தமிழக ஆசிரியர் கல்வியில் இன்னும் போதிய அளவு பேசப்படவில்லை. 1993இல் இராயபுரத்தில், அவ்வை கலைக்கழகத்தில், இராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் அவர் முயற்சியால் அமைந்தன. நினைவுப்பொருள்களும் குழந்தைகள் கணிதம் செய்து பார்க்கும் இடமும் ஒரே கூரையின்கீழ் அமைந்தமை தற்செயலன்று. அவரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே பணி.

நடைமுறைத் தடைகள் இல்லாமலில்லை. ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைக் கவனிக்கும் பள்ளியில் ஒரு வரலாற்று நூலுக்கு மூன்று நான்கு பாடவேளைகள் ஒதுக்குவது எளிதன்று. நூல்களின் தொடர்களும் நீண்டவை. தாமே வாசிக்க இயலாத மாணவர்க்கு ஆசிரியர் உரக்க வாசிக்க வேண்டியிருக்கும். அப்போதும் நூலை முதற்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டிய கட்டாயமில்லை. துறைமுகம் வரும் பக்கத்தைத் திறந்து, ‘மாதம் 30 ரூபாய்’ என்னும் இடத்தில் நிறுத்தி, சிலேட்டை எடுக்கச் சொன்னால் போதும்.