விட மறுக்கும் பிரேக்

பண்ருட்டியிலிருந்து நெய்வேலி நோக்கிப் புறப்படுகிறீர்கள். கார் உங்கள் கையாலேயே கட்டிய சிறிய ஸ்போர்ட்ஸ் கார். காலையில் கொட்டகையிலிருந்து ஒற்றைக் கையால் தள்ளி வெளியே எடுத்தீர்கள்; சக்கரங்கள் தடையின்றி உருண்டன. ஆனால் முந்திரித் தோப்புகளைக் கடந்து காடாம்புலியூரை நெருங்கும்போது வேகம் குறைகிறது. தீய்ந்த வாடை வருகிறது. இறங்கித் தள்ளினால் கார் அசையவில்லை. மர நிழலில் அரைமணி நேரம் உட்கார்ந்து, பலாச்சுளை தின்றுவிட்டுத் திரும்பி வந்தால், அதே கார் எளிதாக நகர்கிறது!

“தானே சரியாகிவிட்டது” என்று மகிழ்ந்து ஏறிவிடாதீர்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஏன் என்று பார்ப்போம்.

கையால் கட்டும் கார்கள் நமக்குப் புதியவை அல்ல. சென்னைக்கு அருகே சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் 1950களிலிருந்து பந்தயங்கள் நடந்தன. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவர்தன் 1980களின் இறுதியில் மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். இன்று பொறியியல் மாணவர்களும் இத்தகைய கார்களைக் கட்டுகிறார்கள். இவற்றில் ஒரு வண்டியின் பெடலும், வேறொரு வண்டியின் மாஸ்டர் சிலிண்டரும், மற்றொன்றின் டிஸ்க்கும் ஒன்றுசேர்வது உண்டு. ஒவ்வொன்றும் நல்ல பாகமாகவே இருக்கலாம். ஆனால் அவை ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டுமே!

பிரேக் எப்படிப் பிடிக்கிறது?

அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். இது பாஸ்கல் விதி. காலால் 20 கிலோகிராம் விசையுடன் அழுத்துவதாகக் கொள்வோம். பெடலின் நெம்புகோல் அதை நான்கு மடங்காக்கி 80 ஆக்குகிறது. மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனின் பரப்பு 4 சதுர சென்டிமீட்டர் என்றால், அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 கிலோகிராம். சக்கரத்திலுள்ள பிஸ்டனின் பரப்பு 20 சதுர சென்டிமீட்டர் என்றால், அது டிஸ்க்கின் மேல் பேடை 400 கிலோகிராம் விசையுடன் அழுத்தும்.

இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். காலை எடுத்த பிறகும் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோகிராம் அழுத்தம் குழாயில் தங்கிவிட்டால்? பேடை 20 கிலோகிராம் விசை இடைவிடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும்!

பிரேக் எப்படி விடுகிறது?

டிஸ்க் பிரேக்கில் பிஸ்டனை இழுக்கும் ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம், பிஸ்டன் முன்னேறும்போது சற்று முறுக்கிக்கொள்கிறது; அழுத்தம் நீங்கியதும் நிமிர்ந்து பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கிறது. அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அழுத்தம் முழுவதும் நீங்கினால்தான் இது நடக்கும்.

அழுத்தம் நீங்க வழி விடுவது மாஸ்டர் சிலிண்டரில் உள்ள ஒரு சிறு துளை. பிஸ்டன் முழுவதுமாகப் பின்வாங்கியதும் இத்துளை திறந்து, திரவம் மேலுள்ள தொட்டிக்குத் திரும்புகிறது. பெடலிலிருந்து வரும் தள்ளுதண்டு சற்று நீளமாக இருந்தால் பிஸ்டன் முழுவதும் பின்வாங்காது. துளை மூடியே இருக்கும். வண்டி ஓட ஓட வெப்பத்தால் திரவம் விரிகிறது. போக இடமில்லாததால் அழுத்தம் ஏறுகிறது. பேட் உராய்கிறது, உராய்வு மேலும் வெப்பம் தருகிறது, வெப்பம் மேலும் அழுத்தம் தருகிறது. குளிர்ந்ததும் திரவம் சுருங்க, பிரேக் விடுகிறது. காடாம்புலியூரில் நடந்தது இதுதான்.

சோதிக்கும் முறை

முதலில் கார் ஆறட்டும். சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, ஜாக்கியால் தூக்கி, தாங்கிகளின் மேல் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக்கை விட்டு, ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றுங்கள். பின்சக்கரங்கள் இரண்டும் மட்டும் இறுகினால் கைபிரேக் கேபிளைப் பாருங்கள். நான்கும் இறுகினால் பெடல், மாஸ்டர் சிலிண்டர் பக்கம் தேடுங்கள். ஒன்று மட்டும் என்றால் அந்தச் சக்கரத்தருகே தேடுங்கள்.

சக்கரம் இறுகியிருக்கும் நிலையில், மேலிருந்து கீழாக ஒவ்வோர் இடமாக அழுத்தத்தை விடுவியுங்கள்.

ஒன்று: மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருக்கும் நட்டுகளைச் சற்றே தளர்த்தி, அதை ஓரிரு மில்லிமீட்டர் முன்னே நகர்த்துங்கள். சக்கரம் விட்டால், தள்ளுதண்டுதான் குற்றவாளி. பெடலை மெல்ல அழுத்தினால், தண்டு பிஸ்டனைத் தொடுமுன் சிறிது வெற்றசைவு இருக்கும்படி அதைச் சரிசெய்யுங்கள்.

இரண்டு: விடவில்லையெனில், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து புறப்படும் குழாய் இணைப்பைத் தளர்த்துங்கள். இப்போது விட்டால், துளை அடைபட்டிருக்கிறது. அல்லது உள்ளே ரப்பர் உப்பியிருக்கிறது. பிரேக் ஆயிலுக்குப் பதிலாக எஞ்சின் ஆயிலை ஊற்றினால் இப்படி உப்பும். டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டர் சிலவற்றில், சிறிதளவு அழுத்தத்தைக் குழாயில் தேக்கிவைக்கும் வால்வு இருக்கும். அதை டிஸ்க்குடன் இணைத்தாலும் இதே தொல்லைதான்.

மூன்று: இன்னும் விடவில்லையெனில், சக்கரத்திலுள்ள காற்று நீக்கும் திருகைத் திறங்கள். இப்போது விட்டால், இடையிலுள்ள ரப்பர் ஹோஸின் உட்சுவர் சிதைந்து, போகும் திரவத்தை விட்டு, திரும்பும் திரவத்தைத் தடுக்கிறது. அல்லது உலோகக் குழாய் எங்கோ நசுங்கியிருக்கிறது. வெளியே ஹோஸ் புதிதுபோலவே தோன்றலாம்!

நான்கு: அப்போதும் விடவில்லையெனில், அழுத்தம் காரணமல்ல. துருவேறிய பிஸ்டனோ, சிக்கிய பேடோதான்.

இணைப்புகளைத் திறந்த பின் புதிய பிரேக் ஆயில் நிரப்பி, காற்றை முழுவதும் நீக்காமல் சாலைக்குப் போகக்கூடாது. அனுபவமுள்ள மெக்கானிக் உடனிருப்பது நல்லது.

ஏன் இவ்வளவு கவனம்? டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். 4 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக ஈரம் சேர்ந்தாலே கொதிநிலை 140 டிகிரி அளவுக்கு இறங்கிவிடலாம். இறுகிய பிரேக்கின் சூட்டில் திரவம் கொதித்தால் ஆவிக்குமிழிகள் உண்டாகும். திரவம்போலன்றி ஆவி எளிதில் நசுங்கும். பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. விட மறுத்த பிரேக், அடுத்த முறை பிடிக்க மறுக்கும்!

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஊசியில்லாத 5 மில்லி, 20 மில்லி சிரிஞ்சுகள் இரண்டில் நீர் நிரப்பி, காற்றில்லாமல் குழாயால் இணையுங்கள். சிறியதை அழுத்தினால் பெரியது வெளியே வரும். சிறியதிலிருந்து விரலை எடுக்காமல் பெரியதை உள்ளே தள்ளிப் பாருங்கள், நகராது. விரலை எடுங்கள், எளிதாகத் திரும்பும். பிடிப்பது பிரேக்கின் பாதி வேலை. விடுவது மறுபாதி என்பது அப்போது விளங்கும்.