எண் காட்டும் குழாய்க்கு 180 வோல்ட்

பழைய அளவு கருவிகளில், சிறு கண்ணாடிக் குழாய்க்குள் ஆரஞ்சு நிறத்தில் எண்கள் ஒளிர்வதைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். நிக்ஸி குழாய் என்று அதற்குப் பெயர். அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் 1955-இல் அதை அறிமுகப்படுத்தியது. 1970-களில் எல்.இ.டி. எண்காட்டிகள் மலிவாகவே, நிக்ஸி ஒதுங்கிக்கொண்டது. இன்று அதைக் கொண்டு கடிகாரம் செய்யும் ஆர்வலர்கள் பெரும்பாலும் தேடுவது பழைய சோவியத் குழாய்களைத்தான். அவற்றுள் சில வகைகளில் 5 என்ற எண், தலைகீழாக நிறுத்திய 2 தான்! உற்றுப் பார்த்தால் தெரியும்.

அப்படி வாங்கிய குழாய் நல்லதா, கெட்டதா? டார்ச் பாட்டரியை இணைத்தால் அது கண்ணே திறக்காது. ஏறத்தாழ 170 வோல்ட் வேண்டும். ஏன் தெரியுமா?

குழாய்க்குள் சூடேறும் இழை எதுவும் இல்லை. எண் வடிவில் வெட்டிய பத்து மெல்லிய உலோகத் தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஓர் எதிர்மின்வாய். முன்னால் உள்ள வலை, எல்லாவற்றுக்கும் பொதுவான நேர்மின்வாய். இடையில் குறைந்த அழுத்தத்தில் நியான் வாயு. நியான் அணுவிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பிரிக்க 21.6 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. வாயுவில் திரியும் ஓரிரு எலெக்ட்ரான்கள் அவ்வளவு வேகம் பெற்று அணுக்களை மோத வேண்டும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகப் பெருக வேண்டும். பிறந்த நேர் அயனிகள் எதிர்மின்வாயைத் தாக்கிப் புதிய எலெக்ட்ரான்களை உதிர்த்தால்தான் மின்னிறக்கம் நிலைக்கும். ஒளி எதிர்மின்வாயை ஒட்டியே பரவுவதால், நமக்கு எண் தெரிகிறது. வீட்டிலுள்ள டெஸ்டருக்குள் மினுக்கும் சிறு விளக்கும் இந்த இனமே.

ஒளிரத் தொடங்கியபின் சுமார் 140 வோல்ட்டே போதும். ஆனால் இங்கே ஓம் விதியை நம்ப முடியாது. மின்னோட்டம் கூடக் கூட வாயு இன்னும் எளிதாகக் கடத்தும். கட்டுப்பாடின்றி விட்டால் குழாய் பாழ். எனவே தொடரில் ஒரு மின்தடை கட்டாயம். மூலம் 180 வோல்ட் என்றால், மிச்சம் 40 வோல்ட் மின்தடையில் இறங்க வேண்டும். 2 மில்லி ஆம்பியர் போதுமெனில், 40-ஐ 0.002-ஆல் வகுங்கள்: 20,000 ஓம். மொத்தத் திறனோ 0.36 வாட், டார்ச் பல்பு எடுப்பதைவிடக் குறைவு!

ஆக, நாம் தேடுவது உயர் மின்னழுத்தம். பெரிய மின்னோட்டம் அல்ல. சுவரிலுள்ள 230 வோல்ட்டைத் திருத்தினால் உச்சம் 325 வோல்ட் கிடைக்குமே என்று நினைக்காதீர்கள். அதன் பின்னால் ஆம்பியர் கணக்கில் மின்னோட்டம் காத்திருக்கிறது. தரையில் நிற்கும் நீங்களே அதற்கு வழியாகிவிடுவீர்கள். பழைய காமிராவின் பிளாஷ் சுற்றும் வேண்டாம். அதில் 100 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி 300 வோல்ட்டில் இருந்தால் 4.5 ஜூல் ஆற்றல் தேங்கியிருக்கும், பாட்டரியை எடுத்த பிறகும்.

நல்ல வழி, 12 வோல்ட் அடாப்டரும் ஒரு கம்பிச் சுருளும். சுருளில் ஓடும் மின்னோட்டத்தை ஒரு டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல ஆயிரம் முறை சட்டென்று துண்டிக்கிறது. சுருள் அதை எதிர்த்து உயர் மின்னழுத்தத்தை எழுப்புகிறது. டையோடு அதை ஒரே திசையில் விட, மின்தேக்கி சேர்த்து வைக்கிறது. நிக்ஸிக்கென்றே இத்தகைய சிறு பலகைகள் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. வெளியீட்டில் 2.2 மைக்ரோ ஃபாரட் இருந்தால், தேங்கும் ஆற்றல் 0.036 ஜூல்தான்.

அதற்காக விரலால் தொட்டுப் பார்க்கலாகாது. 180 வோல்ட் 180 வோல்ட்தான். வெளியீட்டுக்குக் குறுக்கே 10 லட்சம் ஓம் மின்தடை ஒன்றைப் போடுங்கள். அடாப்டரைப் பிடுங்கிய 10 நொடியில் மின்னழுத்தம் 2 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். ஆசிரியர் அருகில் இருக்கட்டும். கம்பியை மாற்றும் ஒவ்வொரு முறையும் முதலில் அடாப்டரை எடுங்கள். மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள்.

நேர்முனையை மின்தடை வழியாக வலைக்கும், எதிர்முனையை ஒவ்வோர் எண்ணுக்கும் கொடுத்துப் பாருங்கள். இருட்டறையில் குழாய் சற்றுத் தயங்கலாம். முதல் எலெக்ட்ரானை உதிர்க்க வெளிச்சம் உதவும் என்பதால், விளக்கைப் போட்டு மறுபடி முயலுங்கள். ஓர் எண் மட்டும் பாதி ஒளிர்ந்தால், மற்ற எண்களிலிருந்து சிதறிய உலோகம் அதன்மேல் படிந்திருக்கலாம். அதை மட்டும் சில மணி நேரம் ஒளிரவிட்டால் பல சமயம் தெளிந்துவிடும். எந்த எண்ணும் ஒளிராமல், கண்ணாடியில் விரிசலும் தெரிந்தால், உள்ளே காற்று புகுந்துவிட்டது, அதற்கு வைத்தியமில்லை.