மண்ணுக்குள் கூடிய சபை

மெக்ஸிகோ தேசத்தின் வெராக்ரூஸ் மாகாணத்தில், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் மத்தியில், காடு திருத்திக்கொண்டிருந்த பண்ணையாள் ஒருவன், கவிழ்த்து வைத்த பெரிய இரும்புக் கொப்பரையின் அடிப்பாகம்போல் ஏதோ ஒன்று தரையில் துருத்தி நிற்கக் கண்டு எஜமானனிடம் போய்ச் சொல்ல, அவனுடைய உத்தரவின்பேரில் தோண்டிப் பார்த்தபோது, வெளிப்பட்டது எரிமலைக் கருங்கல்லில் செதுக்கிய ஒரு மனிதத் தலை. 1862இல் அச்செய்தியைக் கேள்வியுற்று அவ்விடம் சென்ற மெல்கார் என்பவர், 1869இல் சித்திரத்துடன் அதை உலகுக்கு அறிவித்தார். தடித்த உதட்டையும் அகன்ற நாசியையும் கண்டு, ஆப்பிரிக்கர் எக்காலத்திலோ அங்கு வந்திருக்கவேண்டும் என்ற அபிப்பிராயத்தையும் உடன் சேர்த்தார். அத்தகைய முகங்களை அப்பிரதேசத்துப் பூர்வகுடிகளிடையே இன்றும் காணலாமாதலின், பாவம், அவர் அவ்வளவு தூரம் கடல் தாண்டிப் போயிருக்கவேண்டியதில்லை.

ஓல்மெக் மக்கள் என்று நாம் இன்று அழைக்கும் சமூகத்தாரின் கைவேலை அது. கி.மு. 1200 முதல் 900 வரை சான் லொரென்சோவிலும், அதன்பின் கி.மு. 400 வரை லா வெந்தாவிலும் அவர்களுடைய தலைநகரங்கள் சிறப்புற்றிருந்தன. 1938 முதல் மாத்யூ ஸ்டெர்லிங் நடத்திய அகழாய்வுகளின் பயனாகவும் பின்வந்தோரின் முயற்சியாலும் இதுவரை 17 பெருந்தலைகள் கிடைத்திருக்கின்றன. அவற்றுள் பத்து சான் லொரென்சோவைச் சேர்ந்தவை. சக்கர வண்டியும் பாரம் இழுக்கும் மிருகமும் இல்லாத அம்மக்கள், டூஸ்ட்லா மலைப் பாறைகளைப் பல காத தூரம் கொணர்ந்து, ஒன்றின் முகம் மற்றொன்றுக்கு வராதவாறு செதுக்கியிருப்பதை நோக்கினால், அவை அரசர்களின் பிரதிமைகளே என்று அறிஞர் கருதுவது நியாயமென்றே தோன்றும். இவர்கள் மாயா மக்களுக்கும் மூத்தவர்கள் என்று 1942இல் மெக்ஸிகோ அறிஞர்கள் வாதித்தபோது மாயா ஆராய்ச்சியாளர் பலர் நகைத்தார்கள். 1957இல் வெளியான கரிமக் காலக்கணிப்பு அந்த நகைப்புக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

ஆனால் ஓல்மெக் நாகரிகத்தின் ஆத்மாவை இத்தலைகளில் தேடுவோர் பாதியைத்தான் காண்பார்கள் என்பது என் துணிபு. கண்காண நிறுத்தியவற்றைக் காட்டிலும், கண்ணுக்கு மறைத்துப் பூமிக்குள் அர்ப்பணித்தவற்றிலேயே அவர்களுடைய பக்தி நிலைத்திருந்தது. எல் மனாத்தி என்னுமிடத்து ஊற்றடிச் சேற்றில் அவர்கள் மூதாதையர் இட்ட பச்சைக்கல் கோடரிகளோடு ரப்பர்ப் பந்துகளும் கிடைத்துள்ளன. கந்தகம் சேர்த்து ரப்பரைப் பதப்படுத்த 1839இல் குட்இயர் கண்டறிவதற்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னரே உருண்டவை அவை. லா வெந்தாவிலோ, தொலைவிலிருந்து வருவித்த செர்ப்பென்டைன் கற்களை, மாபெரும் முகம்போன்ற கோலமாகப் பதித்து, பதித்த கையோடு மண்ணிட்டு மூடினார்கள்.

1955இல் அந்நகரத்தில் அகழப்பெற்ற நான்காவது காணிக்கையே இவையனைத்திலும் விசித்திரமானது. ஒவ்வொன்றும் ஒரு சாணுக்கும் குறைந்த உயரமுள்ள 16 மனித உருவங்கள், நீண்டுயர்ந்த மொட்டைத் தலையும் சற்றே வளைந்த முழங்காலுமாக, கூட்டம் கூடிய பாவனையில் நிற்கின்றன. பதினைந்து உருவங்கள் பச்சைக்கல்லில் வழவழவென்று இழைத்தவை; சொரசொரப்பான மட்டக்கல்லாலான பதினாறாவது உருவம் மட்டும், செங்குத்தாக நட்ட ஆறு கற்கோடரிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏனையோரை நோக்கி நிற்கிறது. அவன் குற்றவாளியா, புரோகிதனா, புதிதாய்ப் பட்டமேறுபவனா என்று கேட்டால், கூட்டத்தார் அனைவரும் அவனையே கவனிக்கிறார்கள் என்பதற்குமேல் அக்கற்கள் வாய் திறப்பதில்லை. ஆயினும் இதனினும் வியப்பான சங்கதி ஒன்றுண்டு. சபையைப் புதைத்து, மேலே வண்ண மண்ணால் தளமும் அமைத்த பின்னர், பல காலம் கழித்து எவரோ திரும்பி வந்து, நேராக அதே இடத்தில் குழி தோண்டி, உருவங்களின் தலை தெரியுமளவு இறங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றையும் அசைக்காமல், ஒன்றையும் எடுக்காமல், மறுபடி மூடிச் சென்றிருக்கிறார்கள். எழுத்தில் குறித்து வைத்தார்களோ, வாய்வழியாகச் சொல்லிக் காத்தார்களோ, இடம் பிசகாத அந்த நினைவு இருபது டன் கற்றலையை நகர்த்திய புஜபலத்துக்கு எவ்விதத்திலும் குறைந்ததல்ல.

மெக்ஸிகோ செல்லும் வாய்ப்புடைய வாசகர்கள், ஹலாப்பா நகரத்து அருங்காட்சியகத்திலுள்ள ஏழு பெருந்தலைகளைக் கண்டு பிரமிப்பதோடு நின்றுவிடாமல், தலைநகரத்துத் தேசிய மானிடவியல் அருங்காட்சியகத்தில், தோண்டியெடுத்தபோது இருந்த அதே வரிசையில் நிறுத்தியிருக்கும் இந்தப் பதினாறு பேரையும் அவசியம் பார்த்துவிட்டு வரவேண்டும்.