எந்தப் போட்டிக்குப் பிள்ளையை அனுப்புவது?

மேற்கு மலையடிவாரத்து ஊர்களில் நீச்சல் என்பது வகுப்புக்குப் போய்ப் படிக்கிற சங்கதி இல்லை. ராயகிரியானாலும் சரி, பக்கத்துச் சிவகிரி, வாசுதேவநல்லூரானாலும் சரி, மாமாவோ அண்ணனோ முதுகில் சுரைக்குடுக்கையையோ காலி பிளாஸ்டிக் கேனையோ கட்டிக் கிணற்றில் இறக்கிவிடுவார்கள். ஒரு கோடை முடிவதற்குள் பையன் மேல்படியிலிருந்து குதிப்பான், முங்கிப் போய் அடிமண்ணை அள்ளிவந்து காட்டுவான். தண்ணீர்ப் பயம் போன அந்தப் பிள்ளை ஒரு விடுமுறையில் நீச்சல்குளத்துக்குப் போகிறது, பயிற்சியாளர் கண்ணில் படுகிறது, கிளப்பில் சேர்கிறது. ஆறு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டி அறிவிப்பு வருகிறது. அடுத்த வாரமே இன்னொன்று. பெற்றோர் குழம்பத் தொடங்குவது இங்கேதான்.

பயிற்சியைப் பற்றிப் பேசுகிற அளவுக்குப் போட்டித் தேர்வைப் பற்றி நாம் பேசுவதில்லை. சென்னையில் இருக்கிற பிள்ளை தப்பான போட்டிக்குப் போனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணாகும், அவ்வளவுதான். ராயகிரிப் பிள்ளைக்கு அது ஓர் இரவு ரயில், அப்பாவின் இரண்டு நாள் கூலி, பள்ளியில் ஒரு பரீட்சை. அதனால் இந்தப் பிள்ளைகளுக்குத்தான் தேர்வு இன்னும் கறாராக இருக்க வேண்டும்.

உச்சத்தில் இருப்பவர்கள் போட்டியை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதற்கு நம் பக்கத்து உதாரணமே இருக்கிறது. சஜன் பிரகாஷ் பிறந்தது கேரளத்து இடுக்கியில். வளர்ந்ததும் நீச்சல் பழகியதும் நெய்வேலியில். தடகள வீராங்கனையான அவருடைய அம்மா ஷான்டிமோளுக்கு அங்கே நிலக்கரி நிறுவனத்தில் வேலை. 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு சஜன் போனது சிறப்பு ஒதுக்கீட்டில். 200 மீட்டர் பட்டர்ஃப்ளையில் 28-வது இடம். அடுத்த ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதியோடுதான் போவது என்று முடிவெடுத்தார். அதற்குத் தேவைப்பட்ட நேரம் 1 நிமிடம் 56.48 நொடி. அதுவரை எந்த இந்திய நீச்சல் வீரரும் ஒலிம்பிக்கின் ‘ஏ’ தகுதி நேரத்தைத் தொட்டதில்லை.

கழுத்துக் காயத்திலிருந்து மீண்டு 2021-ல் அவர் நீந்திய போட்டிகளின் வரிசையைப் பாருங்கள். ஏப்ரலில் உஸ்பெகிஸ்தான். ஜூனில் பெல்கிரேடு. அங்கே 1:56.96, தகுதி நேரத்துக்கு அரை நொடி பாக்கி. தகுதிக் காலம் முடிய ஒரே ஒரு நாள் இருந்தபோது, ஜூன் 26 அன்று, ரோம் நகரின் செத்தே கோல்லி போட்டியில் 1:56.38. பத்தில் ஒரு நொடி வித்தியாசத்தில் கதவு திறந்தது. மறுநாள் அதே குளத்தில் பெங்களூரு ஸ்ரீஹரி நடராஜ் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கை 53.77 நொடியில் முடித்து இரண்டாவது ஆளாக உள்ளே வந்தார். தேவைப்பட்டது 53.85.

இந்த வரிசையில் எந்தப் போட்டியும் பதக்கத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. காயத்துக்குப் பிறகு உடம்பு தாங்குகிறதா என்று பார்க்க ஒன்று, வேகத்தைச் சோதிக்க ஒன்று, எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்க ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்திருக்கிறது. இன்னொரு பாடமும் உண்டு. சரியாக ஒரு மாதம் கழித்து டோக்கியோவில் அவர் நீந்திய நேரம் 1:57.22, 24-வது இடம். ரோமில் தொட்ட உச்சத்தை ஒரே மாதத்தில் மறுபடி தொட ஒலிம்பிக் வீரருக்கே முடியவில்லை என்றால், பன்னிரண்டு வயதுப் பிள்ளையை மாதம் இரண்டு போட்டிக்கு இழுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றிலும் ‘பெஸ்ட் டைமிங்’ கேட்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

சரி, ராயகிரிக்கு வருவோம். ராயகிரி இருக்கிற தென்காசி 2019 நவம்பர் 22-ல் தனி மாவட்டமானது. கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வந்த வசதியைப் பற்றிப் பேசுகிறோமே தவிர, விளையாட்டில் இதற்கு என்ன அர்த்தம் என்று யோசிப்பதில்லை. முன்பு மாவட்ட அளவில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பாளையங்கோட்டைப் பிள்ளைகளோடு மோதியாக வேண்டும். இப்போது தென்காசிக்கென்று தனிப் பட்டியல். முதலமைச்சர் கோப்பையில் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு நீச்சல் இருக்கிறது. மாவட்டத்தில் ஜெயித்தால் மாநிலத்துக்குப் போகலாம். மாநில அளவில் தனிநபர் முதல் பரிசு ஒரு லட்சம் ரூபாய். இணையத்தில் பெயர் பதிய வேண்டும். கடைசித் தேதி தாண்டினால் யார் சிபாரிசும் எடுபடாது. கிராமத்துப் பிள்ளைக்கு முதல் வாசல் இதுதான் என்பது என் எண்ணம். செலவு குறைவு, போகிற தூரமும் குறைவு.

இரண்டாவது வாசல் பள்ளிக் கல்வித் துறையின் போட்டிகள். 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிவுகள். மேலே போனால் தேசியப் பள்ளி விளையாட்டுகள் வரைக்கும் ஏணி இருக்கிறது. இதற்கு உடற்கல்வி ஆசிரியர் மனசு வைக்க வேண்டும். கபடியும் வாலிபாலும் ஆடுகிற பள்ளியில் ஒரே ஒரு நீச்சல்காரப் பிள்ளைக்காகப் பட்டியலில் பெயர் எழுதி, கூடவே பயணம் போக ஒருவர் வேண்டும். ஜூன் மாதமே அவரைப் போய்ப் பாருங்கள். குற்றாலச் சீசன் களைகட்டி, சொந்தக்காரர்கள் வந்து இறங்கி, அருவி அருவியாகச் சுற்றிவிட்டு ஆகஸ்ட் கடைசியில் நினைவு வந்தால் பட்டியல் போயிருக்கும்.

மூன்றாவது, மாநிலச் சங்கத்தின் வயதுப் பிரிவுப் போட்டிகள். இந்திய நீச்சல் கூட்டமைப்பின் ஜூனியர், சப்-ஜூனியர் தேசியப் போட்டிகளுக்குப் போகிற வழி இது. களம் பெரும்பாலும் சென்னை வேளச்சேரி வளாகம். 1995 தெற்காசிய விளையாட்டுகளுக்காகக் கட்டியது. இங்கே வயதைக் கணக்கிடுவது அந்த ஆண்டு டிசம்பர் 31-ஐ வைத்து. ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே பிரிவு. 15 முதல் 17 வரை முதல் பிரிவு என்றால், பதினைந்தை இப்போதுதான் தொட்ட பையன் மீசை முளைத்த பதினேழு வயதுக்காரனோடு ஒரே ஹீட்டில் நிற்பான். பிரிவுக்குள் இளையவனாக இருக்கிற வருடத்தில் பதக்கம் எதிர்பார்க்காமல் அனுபவத்துக்கு அனுப்புங்கள். பிரிவின் மூத்தவனாகிற வருடத்துக்காகப் பணத்தைச் சேர்த்துவையுங்கள். தேதியைத் திருத்திப் பிறப்புச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பிள்ளை தன் கையால் சம்பாதித்த நொடிகளை நாமே திருட்டுப் பொருளாக்கக் கூடாது.

இன்னொரு வகை நிகழ்ச்சிகளும் இப்போது பெருகிவிட்டன. இத்தனை மணி நேரம் மிதந்தான், கையைக் கட்டிக்கொண்டு நீந்தினாள் என்று ‘சாதனை’ச் சான்றிதழும் கேடயமும் தருகிற நிகழ்ச்சிகள். 1994-ல் குற்றாலீஸ்வரன் பதின்மூன்று வயதுகூட ஆகாமல் பாக் நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் நீந்திக் கடந்தது உண்மையான சாதனை. கடல் கேட்ட விலையை அவர் கொடுத்தார். கட்டணம் கட்டினால் கிடைக்கிற கேடயம் அந்த இனம் இல்லை. அந்தப் பணத்தில் ஒரு மாநிலப் போட்டிக்குப் போய்வந்தால், முதல் சுற்றோடு திரும்பினாலும், பிள்ளையின் பெயருக்கு எதிரே முறைப்படி அளந்த ஒரு நேரம் இருக்கும். அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் உதவும்.

முதல் முறை 50 மீட்டர் குளத்தைப் பார்க்கிற பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று கரையில் நின்று கவனியுங்கள். 25 மீட்டரிலோ அதைவிடச் சின்னக் குளத்திலோ பழகிய உடம்பு, இருபது சொச்சம் மீட்டர் போனதும் சுவரைத் தேடும். சுவர் வராது. முப்பத்தைந்தாவது மீட்டரில் தலை மேலே எழும்பும், இடுப்பு இறங்கும், கை தண்ணீரைப் பிடிக்காமல் நழுவும். சின்னக் குளத்தில் அடிக்கடி சுவரை உதைத்துக் கிடைத்த வேகமெல்லாம் இங்கே இல்லை. அதனால் சின்னக் குளத்து நேரத்தை விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். எழுதிக் கொடுக்கிற நேரத்தை வைத்துத்தான் ஹீட்டும் லேனும் பிரிப்பார்கள். எட்டு லேன் குளத்தில் வேகமானவருக்கு நான்காவது லேன், அடுத்தவருக்கு ஐந்து, பிறகு மூன்று என்று இரண்டு பக்கமும் விரியும். அழகுக்காக இரண்டு நொடி குறைத்து எழுதினால் பிள்ளை தன்னைவிட வேகமானவர்கள் நடுவில் மாட்டி முதல் திருப்பத்திலேயே மனசு விட்டுவிடும். கூட்டி எழுதினால் பந்தயமே இல்லாத ஹீட்டில் தனியாக நீந்தும்.

போட்டிக்கு முந்தைய ஒரு மாதத்தில் 50 மீட்டர் குளத்தில் சில நாளாவது நீந்த வழி பண்ணுங்கள். மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானம், பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கம் என்று விசாரித்து, நீளம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். அங்கே பழக வேண்டியது வேகம் இல்லை, எண்ணிக்கை. பேக்ஸ்ட்ரோக்கில் சுவருக்கு ஐந்து மீட்டர் முன்னால் தலைக்கு மேல் கொடி கட்டியிருக்கும். கொடி கண்ணில் பட்டதிலிருந்து எத்தனை கைவீச்சில் சுவர் வருகிறது? ஐந்தா, ஆறா? இந்த ஒரு எண் மண்டையில் ஏறிவிட்டால் பிள்ளை திரும்பிப் பார்க்காமல் சுவருக்குப் போகும். கிணற்றில் மல்லாக்க மிதந்து பழகிய பிள்ளைக்கு அதுவரை கொடியும் கிடையாது, எண்ணவும் அவசியம் இருந்ததில்லை.

விதிகளையும் அப்படித்தான் முன்கூட்டியே பழக்க வேண்டும். பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃப்ளையிலும் திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். சின்னப் பிள்ளைகள் தகுதி இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சிக்னலுக்கு முன்னால் பாய்ந்தால் இரண்டாவது வாய்ப்பு இல்லை. பிரெஸ்ட்ஸ்ட்ரோக் தவிர மற்றவற்றில், தண்ணீருக்கு அடியில் போகலாம், ஆனால் 15 மீட்டருக்குள் தலை வெளியே தெரிய வேண்டும். மண் எடுத்துப் பழகிய நம் பையனுக்கு இந்தக் கடைசி விதி ஒரு சொத்து; அடியில் டால்பின் உதை கற்றுக்கொடுத்தால் நகரத்துப் பிள்ளைகளை அங்கேயே தாண்டுவான். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கிணற்றில் யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்கிற பந்தயம் வேண்டவே வேண்டாம். வேகவேகமாக மூச்சை இழுத்துவிட்டு முங்கினால் உடம்பில் கரியமில வாயு குறைந்து, மூச்சு வேண்டும் என்கிற தவிப்பே வராது. தவிப்பு வருவதற்கு முன்பே மயக்கம் வந்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் இப்படித்தான் போய்விடுகிறார்கள்.

கடைசி வாரங்களில் பயிற்சியைத் தளர்த்துகிற ‘டேப்பர்’ என்று ஒரு முறை இருக்கிறது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் நீந்தியவர்களின் 99 நேரப் பதிவுகளை ஆராய்ந்தபோது, கடைசி மூன்று வாரத்தில் சராசரியாக 2.2 சதவீத முன்னேற்றம் தெரிந்தது. நூறு மீட்டரை 75 நொடியில் நீந்துகிறவருக்கு அது ஒன்றரை நொடிக்கு மேல். 2007-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, இரண்டு வாரம் பயிற்சித் தூரத்தை 41 முதல் 60 சதவீதம் குறைத்து, வேகத்தையும் நாட்களின் எண்ணிக்கையையும் குறைக்காமல் வைத்தால் பலன் அதிகம் என்றது. ஆனால் இதெல்லாம் நாளுக்கு இரண்டு வேளை நீந்துகிறவர்களுக்கான கணக்கு. வாரத்தில் மூன்று நாள் பஸ் பிடித்துப் போய் நீந்துகிற பிள்ளைக்குக் குறைக்க என்ன இருக்கிறது? கடைசி நான்கைந்து நாள் தூரத்தைக் கொஞ்சம் தளர்த்தி, ஸ்டார்ட்டும் திருப்பமும் மட்டும் கூர்மையாகச் செய்தால் போதும். பத்து மணிநேரத் தூக்கம் எந்த டேப்பருக்கும் குறைந்தது இல்லை.

சென்னைக்குப் போவதென்றால் போட்டி நாள் காலையில் போய் இறங்காதீர்கள். செங்கோட்டையிலிருந்து வரும் பொதிகையைச் சங்கரன்கோவிலிலோ ராஜபாளையத்திலோ பிடித்தால் விடியற்காலை சென்னை. முந்தின நாளே போய்விட்டால் மதியம் தூங்கி, மாலை குளத்தில் இறங்கித் தண்ணீரைத் தொட்டுப் பார்க்கலாம். சாப்பாட்டில் புதிது எதுவும் வேண்டாம். இட்லி, தயிர்சாதம், வாழைப்பழம். பிரியாணி கடைசிப் பந்தயம் முடிந்த பிறகு. தண்ணீருக்குள்ளும் வியர்க்கும், அது பிள்ளைக்குத் தெரியாது. பாட்டில் கையிலேயே இருக்கட்டும். ஒரு பந்தயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே மணிக்கணக்கில் காத்திருக்க நேரும், ஈர உடையோடு உட்கார விடாதீர்கள். கண்ணாடி இரண்டு எடுத்துப்போங்கள், வார் அறுவது எப்போதும் கூப்பிடுகிற நேரத்தில்தான். விலையுயர்ந்த பந்தய உடை வேண்டியதில்லை. 2009 ரோம் உலகப் போட்டியில் பாலியூரித்தேன் உடைகளோடு 43 உலக சாதனைகள் விழுந்த பிறகு, 2010 முதல் துணி உடை மட்டும்தான்.

உடை என்றதும் பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதானதும் ‘போதும்’ என்று நிறுத்திவிடுகிற வீடுகள் நம் பக்கத்தில் நிறைய. விதிப்படி பெண்கள் தோள் முதல் முழங்கால் வரை மூடிய உடையிலேயே எந்தப் பெரிய போட்டியிலும் நீந்தலாம். இது பல தாய்மாருக்குத் தெரிவதில்லை. தெரிந்தால் பாதித் தயக்கம் போய்விடும். பெங்களூருவின் தினிதி தேசிங்கு 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்தியபோது வயது 14. இந்திய அணியிலேயே இளையவர். நம் வீடுகளில் நிறுத்திவிடுகிற வயதுக்கும் அதற்கும் ஒன்றிரண்டு வருடம்தான் இடைவெளி.

பந்தயம் முடிந்து பிள்ளை கரையேறியதும் எத்தனாவது இடம் என்று கேட்காதீர்கள். பலகையில் அது தெரியும். முதல் 50 எவ்வளவு, இரண்டாவது 50 எவ்வளவு என்று பயிற்சியாளரிடம் கேட்டு ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். முதல் பாதி 34, இரண்டாவது பாதி 42 என்றால் வேகமாகக் கிளம்பிச் செத்துப்போயிருக்கிறான். அடுத்த மூன்று மாதப் பயிற்சியில் எதைச் சரிசெய்வது என்று அந்த வரியே சொல்லிவிடும். அடுத்த அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வரும்போது அந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு பிள்ளையையும் உட்காரவைத்துப் பேசுங்கள். அதைச் சரிசெய்ய அவகாசம் கிடைத்திருந்தால் பெயர் கொடுங்கள். கிடைக்கவில்லையென்றால் ரயில் செலவை மிச்சம் பிடித்து, அந்தக் காசில் மதுரைக் குளத்தில் இன்னும் நான்கு நாள் நீந்தட்டும்.