பார்த்ததையே ஏன் மறுபடியும் பார்க்கிறோம்?

“பாத்ததையே எத்தின தரம் புள்ள பாக்கிற?” என்று உம்மாமார் ஏசாத வீடு எங்கள் ஊரில் இருக்காது. இந்தக் கேள்விக்கு ஒரு கார்ட்டூன் தொடரைக் கொண்டே விடை சொல்லலாம்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1999 மார்ச் 28 இல் தொடங்கிய ‘பியூச்சராமா’ ஒரு விஞ்ஞானக் கற்பனை நகைச்சுவைத் தொடர். பீட்சா விநியோகிக்கும் பிரை என்ற இளைஞன், அந்த ஆண்டின் கடைசி இரவில் உறைந்துபோய் ஆயிரம் ஆண்டுகளின் பின் கண்விழிக்கிறான். அங்கே அவனுக்கு நண்பனாகிறது பென்டர் என்னும் வாயாடி ரோபோ.

2003 உடன் தொடர் நின்றுபோனது. ஆனால் ரசிகர்கள் இறுவட்டுகளை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அந்த விற்பனையும் மறு ஒளிபரப்புக்குக் கிடைத்த வரவேற்பும் தொடருக்கு மறுவாழ்வு கொடுத்தன. 2007 முதல் 2009 வரை நான்கு திரைப்படங்கள் நேரடியாக இறுவட்டில் வெளிவந்தன. 2010 இல் தொடர் மீண்டும் தொலைக்காட்சிக்கு வந்தது.

திரும்பப் பார்க்க அதில் என்ன இருந்தது? 1999 டிசம்பரில் வந்த ஒரு பகுதியில், பென்டரை உருவாக்கிய இயந்திரம் அதற்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்புகிறது. அதில் பென்டர் ‘1729 ஆம் இலக்க மகன்’. கண் இமைப்பதற்குள் காட்சி மாறிவிடும். படத்தை நிறுத்திப் பார்ப்பவருக்கே எண் பிடிபடும்.

அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு தமிழர் இருக்கிறார். கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுஜன் இலண்டனில் நோயுற்றிருந்தபோது, பேராசிரியர் ஹார்டி அவரைப் பார்க்கச் சென்றார். தான் வந்த டாக்சியின் இலக்கம் 1729 என்றும், அது சுவையற்ற எண் என்றும் சொன்னார். இராமானுஜன் உடனே மறுத்தார். இரண்டு நேர் நிறைவெண்களின் கனங்களுடைய கூட்டுத்தொகையாக இரு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்றார்.

1³ + 12³ = 1729
9³ + 10³ = 1729

2007 இல் வெளிவந்த முதலாவது படத்தில் ஒரு டாக்சி வருகிறது. அதன் இலக்கம் 87539319. மூன்று வழிகளில் அவ்வாறு எழுதக்கூடிய மிகச் சிறிய எண் இதுதான்:

167³ + 436³
228³ + 423³
255³ + 414³

இவை தற்செயலானவை அல்ல. தொடரின் எழுத்தாளர்களில் கென் கீலர் பிரயோக கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர்; டேவிட் கோஹன் பௌதிகவியல் படித்தவர். தாங்கள் நேசித்த கணிதத்தைச் சிரிப்புக்குள் ஒளித்து வைத்தார்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல்: இது வளர்ந்தோருக்காக எடுக்கப்பட்ட தொடர். பகுதிகளை நீங்கள் முதலில் பார்த்துத் தெரிவு செய்வது நல்லது.

முதல் தடவை கதைக்காகப் பார்க்கிறோம். கதை தெரிந்த பிறகுதான் கண் மற்றவற்றைத் தேடத் தொடங்குகிறது. கவிதைக்கும் கணிதப் பாடத்துக்கும் இது பொருந்தும். முதல் வாசிப்பில் விளங்கவில்லை என்று மூடிவைத்த பாடத்தை இன்னொரு தரம் திறந்து பாருங்கள்.

அடுத்த முறை உம்மா ஏசினால், மேலே உள்ள மூன்று கூட்டல்களையும் தாளில் செய்து காட்டுங்கள்.