எரியும் பாதமும் மரத்த பாதமும்

செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் வீடுவரை நடந்து வந்துவிடும் சர்க்கரை நோயாளிகள் உண்டு. சிலருக்கு இரவில் படுத்ததும் உள்ளங்கால் எரியும்; சிலருக்கு ஊசி குத்தும், மதமதக்கும், பஞ்சின்மேல் நடப்பதுபோல் இருக்கும். வயசானால் வருவதுதான் என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுகிறார்கள்.

எரிச்சல் உள்ளவராவது ஒருநாள் மருத்துவரைப் பார்ப்பார். மரத்துப்போனவருக்கு வலியே இல்லை, அதனால் போகமாட்டார். ஆபத்து அவருக்குத்தான் அதிகம்.

வேலூரில் தெரிந்த உண்மை

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் பிற்பகுதியில் பணிக்குச் சேர்ந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை என்று கண்டார். சுடுவதும் வெட்டுவதும் உறைக்காததால் காயத்தோடே நடந்து, வேலை செய்து, அவர்கள் பாதங்களும் விரல்களும் சிதைந்தன. பின்னர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் இருந்தபோது, சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கும் இந்த உணர்வின்மையே காரணம் என்று வலியுறுத்தினார். தொழுநோயாளிகளுக்காக உருவான எம்.சி.ஆர். எனும் மென்ரப்பர் செருப்பை இன்று சர்க்கரை நோயாளிகளும் அணிகிறார்கள்.

சர்க்கரை மட்டுமா?

எரிச்சலையும் மரப்பையும் தரும் நரம்புக் கோளாறுக்குச் சர்க்கரைதான் முதல் காரணம். மிக நீளமான நரம்புகள் முதலில் கெடுவதால், தொல்லை கால்விரல் நுனியில் தொடங்கி மேலேறும். வைட்டமின் பி12 குறைவு அடுத்தது. பால்கூடச் சேர்க்காத சைவர்களுக்கும், மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிடுபவர்களுக்கும் இது வரலாம். மது, தைராய்டு சுரப்புக் குறைவு, சிறுநீரகக் கோளாறு, சில புற்றுநோய் மருந்துகள் ஆகியவையும் நரம்பைக் கெடுக்கும். உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால் தொழுநோய்க்குப் பரிசோதிக்க வேண்டும். ஒரு காலில் மட்டும் இடுப்பிலிருந்து இழுத்தால் முதுகெலும்பின் இடைத்தட்டைச் சந்தேகிக்கலாம்.

சோதனையும் சிகிச்சையும்

10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார்கள். சில நிமிட வேலை. சர்க்கரை நோயாளிகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது இதைச் செய்துகொள்ள வேண்டும்.

காரணத்தைச் சரிசெய்வதே சிகிச்சை. எரிச்சல் தணிய பிரிகாபலின், டுலாக்செடின் போன்றவற்றை மருத்துவர் தருவார். 'நரம்புச் சத்து' என்று கடையில் தானே வாங்கி விழுங்குவது தவறு; வைட்டமின் பி6 அளவு மிஞ்சினால் அதுவே நரம்பைப் பாதிக்கும்.

மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கூடவே கூடாது. காய்ப்பை பிளேடால் சீவக் கூடாது. உச்சி வெயிலில் கோயில் பிராகாரத்தை வெறுங்காலுடன் சுற்றினால் கொப்புளம் எழுந்தது மறுநாள்தான் தெரியும். தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம்.

தாமதிக்கக் கூடாதவை

ஒருபக்கக் கை, கால் திடீரென்று மரத்துப்போனால் பக்கவாதமாக இருக்கலாம். கால் பலவீனம் சில நாள்களில் மேலேறினாலும், மரப்போடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலும் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும், 108-ஐ அழைக்கலாம்.